வீட்டில் யோகா தொடங்குகிறவர்களுக்கு: முதல் இரண்டு மாதத்துக்கு எட்டு ஆசனங்கள் போதும்

நான் யோகாவை மூன்று தடவை தொடங்கினேன். முதல் தடவை, கைப்பேசியில் வீடியோ பார்த்து. ஒன்பதாம் நாள் பத்மாசனம் போடப் பார்த்தேன். வலது பாதம் தொடை மேல் ஏறிவிட்டது. இடது காலைக் கையால் பிடித்து இழுத்தபோது முட்டியின் உள்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். அன்று சாயங்காலம் மாடிப்படி இறங்க முடியவில்லை. எலும்பு மருத்துவர், எக்ஸ்ரே, மாத்திரை, முட்டி உறை எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது. ஆறு வாரம் தரையில் உட்காரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது தடவை ஒரு வகுப்பில் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிச் சேர்ந்தேன். ஒரே கூடத்தில் முப்பது பேருக்கு மேல். என் முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் நின்றுவிட்டேன். பணம் திரும்பி வரவில்லை.

மூன்றாவது தடவைதான் நிலைத்தது. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருப்பதைக் கேள்விப்பட்டுப் போனேன். அங்கிருந்த மருத்துவர் எட்டே எட்டு ஆசனங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "ரெண்டு மாசம் இதைத் தவிர வேற எதையும் தொடாதீங்கம்மா. மூச்சு திணறுச்சுன்னா ஒரு படி பின்னாடி வந்துடுங்க. அது ஒண்ணுதான் விதி" என்றார். எனக்கு 43 வயது, நாள் முழுக்க கணினி முன் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலை. அந்தத் தாளை வைத்துத் தொடங்கி இப்போது இரண்டு வருடம் ஆகிறது. நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. விரிப்பு வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்

எந்த நோயும் இல்லாத இருபது வயதுக்காரர் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். ஒரு பையில் இவற்றை எடுத்து வையுங்கள்: கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு எழுதிய தாள்கள், முதுகு அல்லது கழுத்துக்கு எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. மாத்திரைப் பெயர் நினைவில் இல்லை என்றால் அட்டையையே எடுத்துப் போங்கள்.

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் "யோகா பண்ணலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பண்ணுங்க, நல்லது" என்று பொதுவாகத்தான் பதில் வரும். மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். முன்பக்கமாகக் குனியலாமா? தலையை இதயத்துக்குக் கீழே கொண்டுபோகலாமா? மூச்சை அடக்கிப் பிடிக்கலாமா? பதிலைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஆசிரியரிடம் போனாலும் அந்தச் சீட்டு உதவும்.

ஏன் இந்த மூன்று? ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களும் கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். முதுகுத் தட்டு விலகியவர்களுக்கு முன்குனிதல் வலியைக் கூட்டும். இதய நோய் உள்ளவர்களுக்கு மூச்சடக்கல் கூடாது. குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் குப்புறப் படுத்துச் செய்யும் ஆசனங்களைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் இந்தக் கட்டுரையை வைத்துத் தொடங்க வேண்டாம். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, கர்ப்பகால யோகா தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் செய்யும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக் கூடும். பக்கத்தில் நாலு சர்க்கரைக் கட்டியோ மூன்று நான்கு மிட்டாயோ இருக்கட்டும். யோகா தொடங்கிவிட்டோம் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் அப்படி நிறுத்தி ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தார்.

தமிழ்நாட்டில் இருந்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பல இடங்களில் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா மருத்துவமனை வளாகத்தில் உள்ள அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். இந்தப் பிரிவு மருத்துவர்கள் படிப்பது பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை வருட மருத்துவப் பட்டம். புறநோயாளிச் சீட்டு போடும் இடத்தில் காலையில் சீக்கிரம் நில்லுங்கள். நான் எட்டு மணிக்குப் போய்ப் பதினொன்றுக்கு வெளியே வந்தேன். செலவு, பேருந்துக் கட்டணம் மட்டும்தான்.

2. இடம், விரிப்பு, உடுப்பு

கையை இரண்டு பக்கமும் நீட்டினால் எதிலும் இடிக்காத இடம் போதும். ஒரு பக்கம் சுவர் இருந்தால் மிக நல்லது, அது ஏன் என்று கீழே வரும்.

விரிப்பில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 6 மி.மீ. தடிமன், ஆறடி நீளம், இரண்டடி அகலம். இதுதான் தொடங்குகிறவருக்குச் சரியான அளவு. "தடிமனா இருந்தா முட்டி வலிக்காது" என்று 12 மி.மீ. விரிப்பைக் கடைக்காரர் நீட்டுவார். அதில் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள், மெத்தை மேல் நிற்பது போல் கால் ஆடும். நான் வாங்கியது 650 ரூபாய், இரண்டு வருடமாக உழைக்கிறது. அதற்கு முன் வாங்கிய 250 ரூபாய் விரிப்பு ஆறாவது வாரமே கால் விரல் ஊன்றும் இடத்தில் பொத்தல் விழுந்தது. புது விரிப்பு முதலில் வழுக்கும். ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் போட்டால் விறைத்துப் போகும்.

பணம் இப்போது வேண்டாம் என்றால், நின்று செய்வதை வெறும் தரையிலும், படுத்துச் செய்வதை இரண்டாக மடித்த ஜமுக்காளத்திலும் செய்யலாம். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் மட்டும் வேண்டாம், காலடியில் நழுவும். காலுறையோடும் நிற்காதீர்கள்.

பட்டை, கட்டை என்று இணையக் கடைகளில் ஒரு தொகுப்பு விற்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு அதற்குத் தேவையே இல்லை. பட்டைக்குப் பதில் பழைய துண்டு, கட்டைக்குப் பதில் நாலு பழைய நோட்டுப் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டியது. இடுப்பில் இறுக்காத பேன்ட், குனிந்தால் முகத்தில் விழாத மேல்சட்டை. அவ்வளவுதான்.

3. நேரம்

வயிறு காலியாக இருக்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி நேரம், லேசான பலகாரத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் இரண்டு மடக்கு குடித்துக்கொள்ளலாம். காபியை முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காலை 5.40 முதல் 6.05 வரை. ஆறேகாலுக்குப் பால் வந்துவிடும், அப்புறம் அடுப்படியை விட்டு நகர முடியாது. காலையில் உடம்பு விறைப்பாகத்தான் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். காலை ஒத்துவரவே இல்லை என்றால் சாயங்காலம் ஆறு மணி வாக்கில், மதியச் சாப்பாடு நன்றாக இறங்கிய பிறகு செய்யுங்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கு காலையில விட்டாச்சு, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்ற நாட்களில் நான் ஒருமுறைகூடச் சாயங்காலம் செய்ததில்லை.

முதல் இரண்டு வாரம் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

4. எட்டு ஆசனங்கள்

முதல் மூன்று நிமிடம் மூட்டுகளைத் தளர்த்துங்கள்: கழுத்தை மெல்ல முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைப்பது, தோளைச் சுற்றுவது, கணுக்காலைச் சுற்றுவது. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். அப்புறம் இந்த வரிசை.

தாடாசனம். பாதங்களுக்கு நடுவே இரண்டு அங்குலம் விட்டு நில்லுங்கள். விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கைகளைத் தூக்குங்கள். முதல் வாரம் குதிகாலைத் தூக்க வேண்டாம். ஐந்து மூச்சு இழுத்து விடும் வரை அப்படியே நில்லுங்கள்.

அர்த்த கடி சக்கராசனம். வலது கையைத் தூக்கி இடப்பக்கம் சாய்வது, பிறகு மாற்றிச் செய்வது. எல்லோரும் செய்கிற தப்பு, பக்கவாட்டில் சாய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு முன்னால் சாய்வது. சுவரில் முதுகை ஒட்டி நின்று சாய்ந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும். எவ்வளவு குறைவாகத்தான் சாய முடிகிறது என்றும் தெரியும், அந்த அளவே சரி. பக்கத்துக்கு மூன்று மூச்சு.

விருட்சாசனம். ஒற்றைக்காலில் நின்று மற்றப் பாதத்தை நிற்கும் காலின் மேல் பதிப்பது. பாதத்தை முட்டியின் மேல் மட்டும் வைக்காதீர்கள். ஒன்று கெண்டைக்காலில், இல்லை தொடையின் உள்பக்கத்தில். சுவரில் ஒரு விரல் நுனி பட்டிருக்கட்டும், கண் ஒரே புள்ளியில் இருக்கட்டும்.

மார்ஜாரி ஆசனம். பூனை போல நாலு காலில். தோளுக்கு நேர் கீழே கை, இடுப்புக்கு நேர் கீழே முட்டி. மூச்சை இழுக்கும்போது வயிறு கீழே இறங்கி நெஞ்சு நிமிரும். விடும்போது முதுகு கூன் போல வளைந்து தாடை உள்ளே வரும். எட்டுத் தடவை. முட்டிக்கடியில் துண்டு மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். என் மாதிரி உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு வரும் நடுமுதுகு வலி எனக்கு இதில்தான் குறைந்தது.

புஜங்காசனம். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம், ஏனென்றால் இதை நான் ஒரு வருடம் தப்பாகச் செய்தேன். குப்புறப் படுத்து நெற்றியைத் தரையில் வையுங்கள். உள்ளங்கைகள் நெஞ்சுக்குப் பக்கத்தில், முழங்கைகள் விலாவை ஒட்டி. மூச்சை இழுத்தபடி தலையும் நெஞ்சும் எழ வேண்டும், தொப்புள் தரையிலேயே இருக்க வேண்டும். நான் கையை ஊன்றி, முழங்கையை நிமிர்த்தி, படத்தில் இருப்பது போல மேலே மேலே போனேன். உயரம் நிறைய வந்தது, கூடவே இடுப்பில் சுருக்கென்று ஒரு வலியும் வந்தது. மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது அந்த மருத்துவர், மேலே எழும்பிய நிலையில் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கச் சொன்னார். தூக்கியதும் என் நெஞ்சு தொப்பென்று விழுந்தது. அதுவரை தூக்கியது கை, முதுகுக்கு அதில் வேலையே இல்லை. இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். கையைத் தூக்கினாலும் விழாமல் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதுதான் உங்கள் உயரம். எனக்கு அன்று அது நாலு அங்குலம். தோள்கள் காதுப் பக்கம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மூச்சு, இறங்கி ஓய்வு, இன்னும் ஒரு தடவை.

பவனமுக்தாசனம். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வயிற்றை நோக்கி அணைப்பது. முட்டியின் மேல் பிடிக்காமல் தொடையின் பின்பக்கம் பிடித்தால் முட்டிக்குச் சிரமம் இல்லை. தலையைத் தூக்க வேண்டாம்.

சேதுபந்தாசனம். மல்லாந்தபடியே முட்டிகளை மடக்கிப் பாதங்களை இடுப்பகலத்தில் வையுங்கள். கையை நீட்டினால் விரல் நுனி குதிகாலைத் தொட வேண்டும். பாதங்களை அழுத்தி இடுப்பைத் தூக்குங்கள். முட்டிகள் வெளிப்பக்கம் விரியாமல் இருக்க நடுவில் ஒரு தலையணையை இடுக்கிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: இடுப்பு மேலே இருக்கும்போது கழுத்தைத் திருப்பவே கூடாது. கைப்பேசியில் ஓடும் வீடியோவைப் பார்க்கத் திரும்புவார்கள், அதில்தான் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

சவாசனம். மல்லாந்து படுத்து, உடம்பைத் தளரவிட்டு அசையாமல் கிடப்பது. ஐந்து நிமிடம். நேரமாகிவிட்டது என்று இதைத்தான் முதலில் வெட்டுவோம். வேண்டுமானால் விருட்சாசனத்தை விடுங்கள், இதை விடாதீர்கள். மின்விசிறியைக் குறைத்து ஒரு போர்வையை மேலே போட்டுக்கொள்ளுங்கள், வேர்த்த உடம்பு சட்டென்று குளிரும். எழும்போது ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும்.

தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள் நாற்காலியில் செய்யலாம். என் மாமியாருக்கு 71 வயது. தாடாசனத்தையும் பக்கவாட்டுச் சாய்வையும் கை இல்லாத மர நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறார். சக்கரம் வைத்த நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டும் ஆகாது.

5. மூச்சு

மூன்றாவது வாரம் முதல் ஐந்து நிமிடம் சேருங்கள். நாடி சுத்தி ஒன்று போதும். சுகாசனத்தில், அதாவது சம்மணமிட்டு, இடுப்புக்கடியில் மடித்த போர்வை வைத்து உட்காருங்கள், இல்லாவிட்டால் நாற்காலி. வலது கட்டை விரலால் வலது நாசியை மூடி இடதில் இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி வலதில் விடுங்கள். வலதில் இழுத்து இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று, ஐந்து சுற்று செய்யுங்கள். நடுவில் மூச்சை நிறுத்திப் பிடிக்க வேண்டாம். மூக்கடைப்பு இருக்கும் நாளில் விட்டுவிடுங்கள்.

கபாலபாதியை இந்த இரண்டு மாதத்தில் தொடாதீர்கள். "தொப்பை குறையும்" என்று நிறையப் பேர் இதில்தான் தொடங்குகிறார்கள். வேகமாக மூச்சைத் தள்ளுகிற பயிற்சி அது. ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. நேரில் ஒருவர் பார்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியது.

6. எந்த வலி சரி, எந்த வலி தப்பு

தசையின் நடுவில், தொடையின் பின்பக்கம் நீளமாக, இழுத்த மாதிரி ஒரு வலி, மறுநாள் தொட்டால் தெரிகிறது, இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது என்றால் தொடருங்கள். மூட்டுக்குள் குத்துகிறது, ஒரே புள்ளியில் சுருக்கென்கிறது, கை கால் மரத்துப்போகிறது, மின்சாரம் பாய்வது போலக் காலில் இறங்குகிறது என்றால் அந்த ஆசனத்தை அன்றே நிறுத்துங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ முழுப் பயிற்சியையும் நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

வலி வருவதற்கு முன்பே மூச்சு சொல்லிவிடும். நிலையில் இருக்கும்போது மூச்சு அடைபடுகிறதா, பல்லைக் கடிக்கிறீர்களா? ஒரு படி பின்னால் வாருங்கள். பத்மாசனம் போட்ட அன்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் காலை இழுத்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது.

யாரும் பார்த்துத் திருத்த இல்லை என்றால் வாரம் ஒருமுறை கைப்பேசியைப் பக்கவாட்டில், நாற்காலி உயரத்தில் வைத்துப் படம் பிடியுங்கள். கண்ணாடியைப் பார்த்துச் செய்தால் கழுத்து அந்தப் பக்கமே போகும்.

7. வகுப்பில் சேர்வதென்றால்

நல்ல ஆசிரியர் கிடைத்தால் இரண்டே மாதத்தில் நிறையத் திருந்தும். ஆனால் பணம் கட்டும் முன் ஒரு நாள் உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் தொடங்குகிறவருக்குப் பயன் குறைவு. சேரும்போது உடல்நலப் படிவம் கொடுக்கிறார்களா, குறைந்தது வாயாலாவது கேட்கிறார்களா என்று கவனியுங்கள். எதுவும் கேட்காமல் முதல் நாளே எல்லோரையும் சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று போடவைக்கும் இடத்தில் சேராதீர்கள். ஆசிரியரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. மத்திய அரசின் ஆயுஷ் (பாரம்பரிய மருத்துவ) அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது, அதன் சான்றிதழ் இருந்தால் காட்டுவார்கள்.

எங்கள் ஊரில் மாதம் 800 முதல் 1,500 ரூபாய் வரை வாங்குகிறார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். "ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி" என்றாலும் வேண்டாம். ரசீதில் தேதி, எத்தனை வகுப்புகள், நின்றால் பணம் திரும்புமா என்ற மூன்றும் எழுதியிருக்க வேண்டும். என் ரசீதில் தொகை மட்டும்தான் இருந்தது, அதனால் என்னால் எதையும் கேட்க முடியவில்லை. இன்னொன்று, வீட்டில் பயிற்சி செய்ய உங்களுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. சேர்ந்த மாதமே ஆசிரியர் பயிற்சிப் படிப்பு என்று பல ஆயிரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

8. விட்டுப்போன நாட்களும் மூன்றாவது மாதமும்

வாரத்தில் ஐந்து நாள் செய்தால் போதும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் செய்யாதீர்கள். மாதவிலக்கு நாட்களில் நான் முதல் இரண்டு நாள் சவாசனமும் நாடி சுத்தியும் மட்டும் செய்கிறேன், உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் முதல் வார அளவிலிருந்து மூன்று நாள் செய்துவிட்டு மேலே போங்கள். ஒரு நாட்காட்டியில் செய்த நாளுக்குப் புள்ளி வைத்து வந்தால் எங்கே விட்டது என்று தேட வேண்டியதில்லை.

இரண்டு மாதம் முடிந்ததும், ஜூன் 21 சர்வதேச யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொது யோகா நெறிமுறையைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முழுவதும் செய்ய 45 நிமிடம் ஆகும். அதிலிருந்து வாரத்துக்கு ஓர் ஆசனமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரிகோணாசனத்தில் தொடங்கினால் சுலபம். முன்குனிகிற பாதஹஸ்தாசனம் வரும்போது முட்டியை லேசாக மடக்கிக்கொள்ளலாம், கை தரையைத் தொடாவிட்டால் அந்த நோட்டுப் புத்தகக் கட்டின் மேல் ஊன்றுங்கள். குனிவது பற்றி மருத்துவர் சீட்டில் என்ன எழுதினார் என்பதை அதற்கு முன் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.